கொழும்பிலிருந்து வந்த பெயர்

புதுக்கோட்டை சமஸ்தானம் போய் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம் நான் பிறந்தேன். திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மூத்த பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் யாரும் யோசிக்காமல் செய்கிற காரியம். எனக்கும் வைத்தார்கள். அதே அளவுக்கு யாரும் யோசிக்காமல் செய்கிற இன்னொரு காரியமும் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மாமியார் செத்துச் சாம்பலான பிறகும் சொல்லக் கூடாது. ஆக, என்னைப் பெற்ற ஆத்தாளுக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயில்லை. அப்பாவின் தம்பி மனைவி, என் சித்திக்கும் இல்லை. இந்த இரண்டு வழக்கத்தையும் ஏற்படுத்திய புண்ணியவான்கள் ஒருநாள் உட்கார்ந்து கலந்து பேசியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

கூப்பிட ஏதாவது வேண்டுமே. அந்தச் சமயம் பார்த்து சித்தப்பா கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்தார். அப்பாவின் தம்பி. அங்கே ஒரு மளிகைக் கடையில் சம்பளத்துக்கு இருந்தவர். தொட்டிலில் கிடந்த என்னை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மதினி, காப்பிரியப் பெத்து வச்சிருக்கீங்க" என்றாராம். நான் நல்ல கறுப்பு. தலைமுடி சீப்பு நுழையாத சுருட்டை. ஆத்தாவும் சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அன்றைக்குப் பிடித்ததுதான். நான் காப்பிரி ஆனேன்.

ஆப்பிரிக்காவின் கறுப்பு மனிதர்களை இழிவாகச் சொல்ல எங்கிருந்தோ கப்பலேறி வந்த வார்த்தை அது. எங்கள் தெருவில் ஒருவர்கூட ஆப்பிரிக்கக்காரரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வார்த்தை உப்பு புளி மாதிரி எல்லார் வீட்டிலும் இருந்தது. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு வருஷத்துக்கு ஒருதடவை வரும் சீனாக்காரர் 'சப்ப மூக்கன்'. அவரிடம் பேரம் பேசும்போதே, அவர் முகத்துக்கு நேராகவே, "சப்ப மூக்கன் கொறைக்க மாட்டேங்குறான்டி" என்று தமிழில் சொல்லிக்கொள்வார்கள். அதில் யாருக்கும் பகை கிடையாது. அவர் தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்பார்கள். மோர் கொடுத்த கையோடு அடுத்த வீட்டுக்காரியிடம், "சப்ப மூக்கன் வந்துருக்கான், வாடி" என்று குரல் கொடுப்பார்கள்.

என்னையும் அப்படி ஆசையாகத்தான் கூப்பிட்டார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். ஆத்தா எனக்குத் தலை சீவும்போது, "என் காப்பிரிக்கு எம்புட்டு முடி" என்று முத்தம் கொடுப்பாள். கொஞ்சலாக வருகிற வார்த்தையைக் கோபித்துக்கொள்ள முடியாது. அழுதால், "செல்லமாத்தானடி சொல்றோம்" என்பார்கள். திட்டாகச் சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். செல்லத்துக்கு என்ன பதில் சொல்வது? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கும்போது மட்டும் என் பெயர் எனக்குக் கிடைத்தது. அதற்காகவே காய்ச்சலோடுகூட போயிருக்கிறேன். வாத்தியார் நோட்டை மூடியதும் பிள்ளைகள் காப்பிரி என்பார்கள்.

ஒருநாள் ஆத்தாவிடம் நேராகவே கேட்டேன். "தங்கம்னு கூப்புடு, பாப்பான்னு கூப்புடு. வேற பேரா கெடைக்கல?"

"நல்ல பேராச் சொல்லிக் கூப்புட்டா கண்ணு பட்டுரும்டி. ஒனக்கு முந்தி ஒண்ணு பொறந்து தங்கல. தெரியும்ல?" என்றாள் ஆத்தா.

அதற்குப் பிறகு நான் அவளிடம் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஆத்திரம் போகவில்லை.

எனக்குப் பதின்மூன்று பதினாலு வயது இருக்கும்போது சித்தப்பா கொழும்பை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். விசா நீட்டித்துத் தரவில்லை. ஊருக்கு வந்த புதிதில் சாயங்காலமானால் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அதையே பேசுவார். "பாஸ்போர்ட்டோட கப்பல்ல போனவன்யா நான். ரோட்டுல போற சின்னப் பய என்னயப் பாத்துக் கள்ளத்தோணிங்கிறான். நம்மாளுக எல்லாருக்கும் அங்கிட்டு அதான் பேரு. இருவது வருசம் அந்த ஊரு மண்ணுல ஒழச்சிருக்கேன். கள்ளத்தோணியாம்!" கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். உச்சுக் கொட்டி முடிந்ததும் சித்தப்பா என் பக்கம் திரும்பி, "ஏ காப்பிரி, தண்ணி கொண்டா" என்பார்.

அன்றைக்கு நான் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகரவில்லை. "சித்தப்பா, ஒங்களக் கள்ளத்தோணின்னு சொன்னா ஒங்களுக்குக் கோவம் வருது. என்னயக் காப்பிரின்னு சொன்னா நான் மட்டும் சிரிக்கணுமா?" என்று கேட்டேன்.

அப்பா, "வாயப் பாரு இவளுக்கு" என்று கையை ஓங்கினார். வந்தவர்கள் சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். தன்னைப் பெற்றவளைக் கூப்பிடுகிற மாதிரி, "இங்கிட்டு வா ஆத்தா" என்றார். அந்த வார்த்தையிலேயே எனக்கு ஏதோ தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய் நின்றேன். சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"ரெண்டாவது உலகச் சண்டை நடக்கும்போது கொழும்புல ஆப்பிரிக்காப் பட்டாளம் எறங்குச்சு. ஒருத்தன் எங்க கடைக்கு வருவான். சோப்பு, தீப்பெட்டி வாங்குவான். அவன் வந்து நின்னா, 'காப்பிரிக்கு என்ன வேணுமாம் கேளு'ன்னு நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம். தமிழ்தான, அவனுக்கு என்ன தெரியும்னு நெனப்பு. ஒருநா சோப்பக் கையில எடுத்தவன் அப்புடியே நின்னுட்டான். அவன் வாயால அந்த வார்த்தையச் சொன்னான். சொல்லி, தன் நெஞ்சத் தொட்டுக் காமிச்சான். 'எங்க வெள்ளக்கார ஆபீசரும் என்னய இதச் சொல்லித்தான் கூப்புடுறான்'னு இங்கிலீசுல சொன்னான். சோப்பத் திருப்பிப் பலகையில வச்சான். போயிட்டான்."

"அப்பறம்?"

"அப்பறம் வரவே இல்ல."

"இது நடந்தது நான் பொறக்குறதுக்கு முந்தியா, பிந்தியா?"

அவர் துணியைப் பிழிந்தார். "முந்தி" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "தெரிஞ்சேதான் எனக்கு வச்சீங்களா?" என்று கத்தினேன்.

"வேணும்னு எங்க வச்சேன், ஆத்தா? வாயில வந்துருச்சு. ஒன்னயப் பாத்ததும் தானா வந்துருச்சு."

அவர் பொய் சொல்லவில்லை என்று இப்போதும் நம்புகிறேன். அந்தப் பட்டாளக்காரரின் முகத்தை மறக்க முடியாமல்தான் அத்தனை வருஷம் வைத்திருக்கிறார். ஆனாலும் வார்த்தை வாயில் தயாராக இருந்தது. முகம் மனசுக்குள் ஓரிடத்தில், வார்த்தை நாக்கில் ஓரிடத்தில். இரண்டும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளவே இல்லை. நாம் பேசுகிற பேச்சில் பாதி இப்படித்தான் வருகிறதோ என்று பலநாள் யோசித்திருக்கிறேன். அதுவரை நான் அழுததெல்லாம், 'நான் ஒன்றும் அவர்களைப் போல இல்லையே' என்று நினைத்துத்தான். அந்தக் காலைக்குப் பிறகு அப்படி அழ முடியவில்லை. சோப்பைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர் யாரோ எனக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். வார்த்தை மேல் இருந்த வெறுப்பு மட்டும் இரண்டு மடங்காகியது.

சித்தப்பா அதற்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிடவே இல்லை. வைத்தவர் விட்டுவிட்டார், மற்றவர்கள் விடவில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் ஆத்தாவிடம் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கினேன். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் அந்தப் பேர் விழக் கூடாது. ஆத்தா சத்தியம் செய்தாள். கீரனூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை திருச்சியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். என்னைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்தது. பாவம் ஆத்தா, பழைய பேரையும் சொல்ல முடியாது, உண்மைப் பேரையும் சொல்ல முடியாது. உள்ளே பார்த்துக் கையைத் தட்டினாள். நான் அசையவில்லை. மறுபடி தட்டினாள். பிறகு போய்க் கதவைத் தட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா மெல்ல அப்பாவிடம், "பொண்ணுக்குக் காது கொஞ்சம் மந்தங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. சித்தப்பாதான், "அதெல்லாம் பாம்புக் காதுங்க" என்று எழுந்து, என் பெயரைச் சத்தமாக, முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார். நான் காபித் தட்டோடு வந்தேன். அவ்வளவு சந்தோஷமாக யாரும் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்றிருக்க மாட்டார்கள்.

கல்யாணமாகிக் கீரனூர் வந்தேன். இங்கே என் பெயர் யாருடைய மாமியார் பெயரும் இல்லை. முதல் நாள் விடிந்ததும் என் மாமியார் கொல்லையிலிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுருக்காமல், கொஞ்சாமல், முழுப் பெயர். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னமோ ஏதோ என்று பயந்து போனார். அதிலிருந்து அவர் எது சொன்னாலும் எனக்குச் சரிதான்.

தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீட்டுக்குப் போனேன். பெண் பிறந்தது. என் நிறம், என் முடி. வழக்கப்படி என் மாமியார் பெயரை வைத்தோம். குழந்தைக்கு அஞ்சு மாசமானதும் ஆத்தா எங்களைக் கீரனூரில் கொண்டுவந்து விட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். என் கணவரின் அண்ணன் மனைவிக்கு இரண்டும் பையன்கள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "அயித்தை பேரு வச்சாச்சு. நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. எப்புடிடி கூப்புடப் போறோம்?" என்று சிரித்தார்.

ஆத்தா உடனே, "இதுக்கு என்ன யோசன? இவளயே நாங்க காப்பிரின்னுதான் கூப்புட்டோம். இது குட்டிக் காப்பிரி" என்றாள்.

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "பொருத்தமாத்தான் இருக்கு" என்றாள் ஒருத்தி. அக்கா குழந்தையைத் தூக்கி ஆட்டி, "வாடி என் குட்டிக் காப்பிரி" என்று மோந்து பார்த்தார். குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரித்தது. இன்னும் இரண்டு தரம் சொன்னால் போதும், தெருவுக்குப் போய்விடும். தெருவுக்குப் போனதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

நான் எழுந்து நின்று என் மகளின் பெயரைச் சொன்னேன். மெதுவாக இல்லை. தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி, வீடு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டேன்.

அக்காவின் வாய் திறந்தபடி நின்றது. ஆத்தா, "அடியே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

கொல்லையிலிருந்து, "இந்தா வாரேன்" என்று என் மாமியாரின் குரல் கேட்டது.

ஈரக் கையோடு அவசர அவசரமாக வந்தார். வாசல்படியில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்த வீட்டில் அவருக்கு மூத்தவர்கள் என்று யாரும் மிச்சமில்லை. மாமனார்கூட, "இந்தா" என்றுதான் கூப்பிடுவார்.

"யாரு கூப்புட்டது?" என்றார்.

"நான்தான் அயித்தை. புள்ளயக் கூப்புட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் கூப்புடு" என்றார்.