காத்து வரும், குரல் வராது

எங்க அண்ணிக்கு ஊரைக் கூட்டுற தொண்டை. சலவைக் கம்பெனியில மேல்தளத்துல நானும் அவங்களும் துணி தேய்க்கிறோம். கீழே பாய்லர் அறையில என் அண்ணன். கீழ இருக்கற பெரிய காத்தாடி ஒரு ஓட்டை வழியா எங்களுக்குக் காத்து தள்ளும். புருஷன் பொண்டாட்டி சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஓட்டை வழியாத்தான். "ஏய், செத்தியா இருக்கியா?"ன்னு அவன் கத்துவான். "உன்னை அனுப்பிட்டுத்தான் போவேன்"னு இவங்க கத்துவாங்க. எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு.

காத்தாடி இரைச்சல்ல எங்க தலை வெடிக்குதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்ச பிறகு ஒரு இன்ஜினியர் வந்தான். பல அளவுல பிளாஸ்டிக் வளையங்களை ஓட்டைக்குள்ள அடுக்கினான். நடுவுல கை நுழையற அளவு திறந்தே கிடந்தது. "இதுல எப்படிப்பா சத்தம் நிக்கும்?"னு கேட்டேன். வளையத்துக்குள்ள சுருள் சுருளா வழி இருக்காம். சுத்தி வர்ற சத்தமும் நேரா வர்ற சத்தமும் மோதி, ஒன்னை ஒன்னு தீர்த்துக்குமாம். காத்து மட்டும் மேல வருமாம். நிஜமாவே கூடம் கப்சிப்புன்னு ஆயிடுச்சு. அவன் வாயில சர்க்கரை போடணும்னு அண்ணி சொன்னாங்க.

அந்த வாரம் அண்ணன் காய்ச்சல்ல வீட்டுல படுத்திருந்தான். வேலைக்குத் திரும்பின அன்னிக்குக் காலையிலயே மேல இருந்த இரும்புக் குழாய் அறுந்து அவன் தொடை மேல விழுந்துச்சு. எங்களுக்குத் தெரியாது. அண்ணி ஓட்டைக்குப் பக்கத்துலயே நின்னு தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க. "இன்னிக்கு வாயே திறக்கல பாரு. உடம்பு இன்னும் அசதியா இருக்கும், பாவம், தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு எங்களையும் அடக்கினாங்க. சாப்பாட்டு வேளையில சோத்துத் தூக்கோட கீழே போன அண்ணிதான் அவனைப் பார்த்தாங்க. தரை முழுக்க ரத்தம்.

மேனேஜர் துக்கம் கேக்க வந்தான். "உடனே உயிர் போயிருக்கும்மா. அந்த வளையம் இரைச்சலைத்தான் தடுக்கும், பேச்சு தாராளமா வரும். கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமே"ன்னான். அண்ணி அதையே பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் அதுவும் போதல. சோறு இறங்கல, தூக்கம் இல்ல. என்னைப் பாக்கும்போதெல்லாம், "கூப்பிட்டிருப்பாரோ?"

மறுபடி வேலைக்கு வந்த அன்னிக்கு, "நீ மேல நில்லு, நான் கீழே போய்க் கத்திப் பாக்கறேன்"னாங்க. வேண்டாம்னேன், கேக்கல. நான் ஓட்டையில காதை வச்சுக் குனிஞ்சேன். முகத்துல காத்து அடிச்சுது. அவ்வளவுதான். வளையத்து நடு ஓட்டை வழியா கீழே பார்த்தா அண்ணி அண்ணாந்து நிக்கறாங்க, கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, வாய் ஆன்னு திறந்திருக்கு. பாவி, இப்படித்தானே கத்தியிருப்பான் அவனும்!

மூச்சு வாங்க மேல ஏறி வந்தாங்க. குரல் கம்மிப் போயிருந்தது.

"கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு, அண்ணி." என் மூஞ்சியை எங்கே வச்சுக்கறதுன்னு தெரியல. "அண்ணன் கூப்பிடவே இல்ல. மனசை ஆத்திக்கோங்க."

"நான் என்ன சொல்லிக் கத்தினேன்?"

"அவனைக் கூப்பிட்டு அழுதீங்க."

அண்ணி என்னையே பாத்தாங்க.

"உன்னைத்தான்டி கூப்பிட்டேன். அத்தனை தடவையும்."