மூன்றாம் ஓலை

வியாகுலம்மாளுக்குத் தினமும் இரண்டு ஜெபம் உண்டு. ஒன்று, செத்துப்போன புருஷனின் ஆத்துமம் இளைப்பாற. மற்றொன்று, அவருடைய தம்பி அமிர்தராஜ் விளங்காமல் போக.

காரணம் இல்லாமல் இல்லை. நம் கத்தோலிக்க வேதத்தில் கலியாணம் என்றால், முந்தின மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கு இன்னார் என்று சாமியார் ஓலை வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும். அவள் மகள் சகாயமேரிக்கு எழுபத்தைந்தாம் வருஷம் ஸ்ரீரங்கத்து மாப்பிள்ளை அமைந்தான். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அந்த வாரம் அமிர்தராஜ் பஸ் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய், பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தான். பச்சைப் பொய். வீட்டின் பின்கட்டைக் கேட்டு அண்ணி தரவில்லை, அந்த வஞ்சம். மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை. பிறகு வந்த வரன்களும் அந்தப் பேச்சைக் கேட்டு வாசலோடு திரும்பின. சகாயம் செயற்கை வைரம் தீட்டும் பட்டறைக்குப் போய் உட்கார்ந்தாள். வியாகுலம்மாளுக்கு ஸ்ரீரங்கம் என்று பலகை போட்ட பஸ்ஸைப் பார்த்தாலே வயிறு எரியும்.

எட்டு வருஷம் கழித்து அமிர்தராஜின் மகள் பிரகாசிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை மணப்பாறை. அன்று வியாகுலம்மாள் கோயிலிலிருந்து வீட்டுக்குத் துள்ளி நடந்ததைப் பார்த்தவர்கள், அவளுக்குத்தான் கலியாணம் என்று நினைத்திருப்பார்கள்.

"நாளைக்கே மணப்பாறை போறேன். இவளுக்கும் வலிப்புன்னு சொல்றேன். அவன் அளந்த படியாலயே அவனுக்கு அளக்கறேன்" என்றாள் மகளிடம்.

சகாயம் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "என் ஓலை நின்னப்போ கோயில்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. நீ மட்டும் சித்தப்பாவைப் பாத்துக்கிட்டு இருந்தே. இப்பவும் அவரைத்தான் பாக்கறே. நடுவுல நிக்கிற பொண்ணு உன் கண்ணுக்குப் படவே மாட்டேங்குது."

"வந்துட்டா, பிரசங்கம் வைக்க! நீ என்ன தீர்க்கதரிசியா? சோத்தைத் தின்னுட்டு எந்திரிடி."

சொல்லிவிட்டாளே தவிர, மறுநாள் மணப்பாறை பஸ் ஏறக் கால் வரவில்லை. மகள் சொன்னது மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது. ஆண்டவர் வாயாலேயே ஒரு உத்தரவு கிடைத்துவிட்டால் தேவலை என்று தோன்றியது.

அப்போது தில்லை நகரில் கிளாரம்மா வீட்டு ஜெபக்கூட்டம் பேர்போனது. அந்த அம்மாள் கண்ணை மூடிக் கையை உயர்த்தினால் ஆண்டவரே பேசுகிறார் என்பார்கள். இரண்டாம் ஓலை வாசித்த வாரம் வியாகுலம்மாள் அங்கே போய்த் தன் முறைக்குக் காத்திருந்தாள்.

"என்னம்மா பாரம்? மனசுல வைக்காம சொல்லுங்க."

அவளும் கொட்டினாள். கொழுந்தன் செய்ததைச் சொன்னாள். கடைசியில், "அவன் பொண்ணு பிரகாசிக்குத்தான் நெஜமாவே வலிப்பு. மறைச்சுக் கட்டிக் குடுக்கறான். போய்ச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். மணப்பாறையில் சொல்லப்போகும் பொய்தானே, இங்கேயும் ஒரு தரம் சொல்லிப் பார்த்தால் என்ன?

கிளாரம்மா அவள் தலையில் கை வைத்தாள். அந்த அம்மாளின் உடம்பு நடுங்கியது. குரல் கனத்தது. "மகளே! உன் சத்துருவை உன் கையில் ஒப்புவித்தேன். அந்தப் பெண் நுரை தள்ளி விழுவதை என் ஊழியக்காரிக்குக் காட்டினேன். எழும்பிப் போ, சொல்!"

சுற்றி இருந்தவர்கள் "அல்லேலூயா" என்றார்கள். வியாகுலம்மாளுக்கு உச்சி குளிர்ந்தது. மறு நிமிஷமே உள்ளங்கால் வரை சில்லிட்டது. பிரகாசிக்கு வலிப்பே கிடையாதே! அந்தப் பொய்யைப் பெற்றவளே அவள்தான். அதை ஆண்டவர் எப்படிக் கண்டிருக்க முடியும்?

"ஜெப எண்ணெய் வாங்கிக்கிட்டுப் போங்கம்மா" என்றாள் கிளாரம்மா.

"வேணாங்க. எங்க வீட்டுலயே இருக்கு."

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தாள். தேனாக இனித்த குரல் அவளுடைய பொய்யையே அவளுக்கு ஊட்டிவிட்டது. அப்படியானால் முள்ளாகக் குத்திய குரல் யாருடையது? அது புரிந்ததும் ஆத்திரம் ஆண்டவர் மேலேயே திரும்பியது. நடுரோட்டில் நின்று வாய்விட்டே கேட்டாள்: "பேசறதுதான் பேசுறீரு, உமக்கு வேற ஆள் கெடைக்கலையா? என் வயித்துல பொறந்தவ வாயிலயா வரணும்?"

மணப்பாறைக்கு அவள் போகவில்லை.

மூன்றாம் ஞாயிறு அமிர்தராஜ் மூன்று வரிசை தள்ளி நின்றான். சாமியார் ஓலையை எடுத்ததும் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. இந்த நாளெல்லாம் அவன் தூங்கவில்லை என்று தெரிந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அந்தப் பயத்தை மட்டும் ருசித்துச் சாப்பிட்டாள். அது பாவமென்றால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

பூசை முடிந்ததும் அவன் வந்து கும்பிட்டான். "அண்ணி... நீங்க எதுவும் சொல்லல..."

"உன்னை இன்னும் மன்னிக்கல, கேட்டுக்க. சொல்லத்தான் கெளம்பினேன். குறுக்க நின்னது அதோ நிக்கிறாளே, நீ கெடுத்தவ. பத்திரிகை வைக்கணும்னா அவ கையில வை. மூஞ்சியப் பாத்து வை."

தீர்ப்பு வாங்கப் பிலாத்துவின் முன்னால் போகிறவன் மாதிரி அமிர்தராஜ் போனான். சகாயத்தின் எதிரே நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டே பத்திரிகையை நீட்டினான்.

"சொல்லுங்க சித்தப்பா" என்றாள் சகாயம், பத்திரிகையை வாங்காமல்.

அவன் நின்றான். ஜனம் கலைந்து போகும்வரை வெயிலில் நின்றுகொண்டே இருந்தான். வியாகுலம்மாள் நடுவில் போய் அவனைக் காப்பாற்றவில்லை. ஆண்டவர் தன்னிடம் அவ்வளவு தூரம் கேட்கவில்லை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.