லாயக்கில்லாத நாலு பேரில் ஒருவன்

செய்தி வந்தபோது நான் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். எங்கள் நால்வரின் வாட்ஸ்அப் குழுவுக்குக் 'கிழட்டு நண்டுகள்' என்று பெயர். அதில் மரியதாஸ் எழுதியிருந்தான்: "வீரய்யா அண்ணன் காலையில போயிட்டாரு சார்." அதற்குக் கீழே சிவநேசன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தார். சனியன் ஒழிந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். இதை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சாவில் நான் முந்திக்கொண்டால் குழுவில் என்ன போடுவது என்று வீரய்யா எப்போதோ முடிவு செய்து, என் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறான்: "வாத்தியார் போயிட்டான். இனி கொஞ்சம் சத்தம் கொறையும்." மீன்காரர் "அங்கிள், வெட்டவா, முழுசாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். வெட்டாத மீனோடு வீட்டுக்குப் போய் மனைவியிடம் வசவு வாங்கினேன்.

அன்று மாலை அவனுடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிரமுகர் ஒருவர் எழுந்து பேசினார். இனிமையாகப் பழகுகிறவர், யார் மனமும் நோகப் பேசாதவர், கடற்கரைத் தூய்மையில் அக்கறை கொண்டவர் என்று அடுக்கினார். சிவநேசன் தன் செருப்பைப் பார்த்தார். மரியதாஸ் கூரையைப் பார்த்தான். இவர் புளோக் மாறி வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். தண்ணீரில் கரைத்த சர்க்கரை போன்ற இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். வீரய்யாவை 'அவர்' என்று எழுதினால் அவனே பெட்டியைத் திறந்துகொண்டு எழுந்து வந்து சிரிப்பான். ஆகவே அவன்தான். அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள். அறியாதவர்களுக்கு அந்தப் பிரமுகர் இருக்கிறார்.

நாங்கள் நால்வரும் புதையல் வேட்டைக்காரர்கள். இதைச் சொல்லும்போது நாங்கள் சிரிப்பதில்லை, கேட்கிறவர்கள்தான் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குப் போவோம். அது கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம். மணல்கூட வேறு எங்கிருந்தோ வந்தது. அதில் எந்த ராஜாவும் எந்தக் கொள்ளைக்காரனும் எதையும் புதைத்து வைத்திருக்க வழியே இல்லை. குளிக்க வந்தவர்கள் தவறவிட்டதைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. இது தெரிந்தும் போவதற்குத் தனி மடத்தனம் வேண்டும். அது எங்களிடம் தாராளமாக இருந்தது.

பதினான்கு வருடங்களுக்கு முன்பு, கணக்கு ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதம், புது மெஷினோடு நான் முதன்முதலாகப் போனேன். ஒரு குழியருகே குந்தியிருந்த கறுத்த ஆள் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "வாத்தியாரா?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கரும்பலகை அழிக்கற மாதிரியே ஆட்டறியே லா. மெதுவா ஆட்டு, மண்ணுக்கு வலிக்கப் போவுது." அதுதான் எனக்கும் வீரய்யாவுக்கும் அறிமுகம். அவன் குழியிலிருந்து என்ன எடுத்தான் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு பீர் பாட்டில் மூடி. அதைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

வேட்டை முடிந்ததும் பஸ் ஏறி தேக்காவுக்கு வந்து, எங்கள் வழக்கமான கடையின் மூலை மேசையில் உட்காருவோம். பரோட்டா வருவதற்குள் அவரவர் பையைப் பழைய நாளிதழ் மேல் கொட்ட வேண்டும். கண்டெடுத்தவன் வாய் திறக்கக் கூடாது. மற்ற மூவரும் அதை இகழ வேண்டும். பொருள் எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு கேவலமாக இகழ வேண்டும் என்பது விதி. யார் வகுத்த விதி என்று கேட்டால் நாலு பேரும் நான்தான் என்போம். ஒருமுறை எனக்கு ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. கல் வைத்தது. துடைத்துப் பளபளக்க நடுவில் வைத்தேன். வீரய்யா அதைச் சுண்டுவிரலால் நகர்த்தினான். "ஆம்பளைக்குச் சின்னது, பொம்பளைக்குப் பெரிசு. அந்தப் பொண்ணு இதைத் தொலைக்கல வாத்தியாரே, தூக்கிப் போட்டிருக்கு. மாப்பிள்ளை ஒன்னைய மாதிரி இருந்திருப்பான்." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். மோதிரத்தை மறுநாள் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். கொண்டுபோகும் வழியெல்லாம் அது எனக்கு அசிங்கமாகத்தான் தெரிந்தது.

எங்களுக்கும் அவனைத் திருப்பி அடிக்க ஒரு ஆயுதம் இருந்தது. இத்தனை வருடத்தில் வீரய்யாவுக்கு ஒரு குந்துமணித் தங்கம்கூடக் கிடைத்ததில்லை. ஆணி, போல்ட்டு, தூண்டில் ஈயம், டின் மூடி, ஒரு முறை பாதி கத்தரிக்கோல். சிவநேசன் ஓய்வு பெற்ற அரசாங்க எழுத்தர். பாட்டன் காலத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்த குடும்பம் என்றாலும் நாக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவார்: "வீரய்யா, நீர் கடற்கரையைக் கூட்டுறீர். அரசாங்கம் உமக்குச் சம்பளம் தரோணும்." ஜூரோங் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளனாக இருக்கும் மரியதாஸ் எங்களில் இளையவன். அவன்கூட "அண்ணே, எங்க யார்டுக்கு வாங்க, இதே சரக்கு லாரி லாரியாக் கெடக்கு" என்பான். வீரய்யா பரோட்டாவைப் பிய்த்தபடி, "தங்கம் கிடைக்கறது அதிர்ஷ்டம்டா. குப்பை கிடைக்கறதுதான் உழைப்பு" என்று சொல்லிவிட்டு எங்கள் எல்லாரையும் அற்பப் பதர்களைப் போலப் பார்ப்பான்.

உண்மையில் தவறு அவனுடைய முறையில் இருந்தது. இரும்பைக் கண்டுகொள்ளாமல் போக மெஷினில் ஒரு பொத்தான் உண்டு. நாங்கள் மூவரும் அதைப் போட்டுக்கொண்டு நடப்போம். அவன் போடமாட்டான். எந்தச் சத்தம் வந்தாலும் தோண்டுவான். நாங்கள் கடற்கரையின் கோடி வரை போய்த் திரும்பும்போது அவன் புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே குந்தியிருப்பான். ஒரு நாள் பொறுமை இழந்து, கணக்கு வாத்தியாருக்கே உரிய திமிரோடு, அவன் செய்வது எவ்வளவு பெரிய வீண் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டான். பிறகு சொன்னான்: "தஞ்சோங் பகார் துறைமுகத்துல முப்பத்தோரு வருஷம் கிரேன்ல ஒக்காந்து பொட்டி தூக்கினேன். உள்ள என்ன இருக்குன்னு ஒருத்தனும் சொன்னதில்ல, நான் ஒரு பொட்டியக்கூடத் தொறந்து பாத்ததில்ல. இப்ப கீழேருந்து ஒண்ணு கூப்புட்டா, பாக்காம எப்படிப் போறது?" கிறுக்கன் என்று மட்டும் சொன்னேன்.

சென்ற ஆண்டு அவனுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. நாங்கள் நல்லவர்களாகிவிட்டோம். மேசையில் குரல்கள் தாழ்ந்தன. அவன் தட்டில் நாங்களே குழம்பு ஊற்றினோம். ஒரு ஞாயிறு அவன் துருப்பிடித்த போல்ட்டு ஒன்றை நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். சிவநேசன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல வடிவா இருக்கு, வீரய்யா" என்றார். மரியதாஸ் ஆமாம் என்றான். நானும் தலையை ஆட்டினேன். வீரய்யா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு பரோட்டா வருமுன் எழுந்து போய்விட்டான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்தக் கேடுகெட்ட யோசனை வந்தது. சாவதற்குள் அவனுக்கு ஒரு தங்கமாவது கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் நாம் கிடைக்கச் செய்வோம். அடுத்தவன் தோண்டும் இடத்தில் பொருளைப் புதைத்துவைப்பதுதான் எங்கள் தொழிலில் உள்ளதிலேயே ஈனமான காரியம் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். இருந்தும் ஒத்துக்கொண்டோம். என் கல்யாண மோதிரம் தட்டையானது, பெயர் பொறிக்காதது. முப்பத்தெட்டு வருடம் விரலோடு இறுகிப் போயிருந்ததை எண்ணெய் தடவிக் கழற்றினேன். மனைவியிடம் சொல்லவில்லை. வீரய்யாவின் மகளைக் கெஞ்சி அவனை வரவழைத்தோம். மரியதாஸ் அவனைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டுபோய், தண்ணீர் ஓரத்தில், நான் முக்கால் முழ ஆழத்தில் மோதிரத்தைப் புதைத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தான்.

உட்கார்ந்தபடியே அவன் மெஷினை ஆட்டினான். நாலாவது வீச்சில் சத்தம் வந்தது. சின்ன மண்வாரியால் இரண்டு முறை தோண்டினான். நிறுத்தினான். மணலை விரலால் தொட்டுப் பார்த்தான். கட்டியாக இருக்க வேண்டிய ஈர மணல் பொலபொலவென்று இருந்தது. மேலும் தோண்டி மோதிரத்தை எடுத்தான். அதைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்தான். மோதிர விரலின் அடியில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளை வளையம் பளிச்சென்று இருந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மூன்று பழுத்த வேட்டைக்காரர்கள் சேர்ந்து போட்ட திட்டத்தின் லட்சணம் அது.

"பிச்சையா?" என்றான். அவ்வளவுதான். கையைப் பின்னுக்கு இழுத்து மோதிரத்தைக் கடலில் வீசினான். நோய் தின்ற அந்தக் கையில் அவ்வளவு வேகம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அலைக்கு அப்பால் ஒரு சின்னப் பொட்டு தெறித்து மறைந்தது.

எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவன் மேல் அந்த நொடியில் எனக்கு வந்தது சுத்தமான வெறுப்பு. முப்பத்தெட்டு வருட மோதிரம். "சாகப் போற நேரத்துல ஒனக்கு என்னடா இவ்வளவு திமிரு!" என்று கத்திவிட்டேன். கடற்கரையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். சிவநேசன் என் கையைப் பிடித்து, "மெல்லக் கதையும், மெல்லக் கதையும்" என்றார். அத்தனை மாதமாக நாங்கள் மூவரும் வாயில் வராமல் காத்துவந்த சொல் நடுவெயிலில் வந்து விழுந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

வீரய்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "இப்பத்தான்டா வாத்தியார் பேசறான்" என்றான். "எத்தன மாசமாச்சு! நின்னுக்கிட்டு என்ன பாக்கறீங்க? வேட்டைக்காரங்கதானே, தேடுங்கடா!"

தேடினோம். கால்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இரண்டு கிழவர்களும் மரியதாஸும் மூன்று மெஷினோடு பகல் முழுக்க அலைந்தோம். அவன் நாற்காலியில் இருந்தபடி எங்களை வைதான். சிவநேசனைப் பார்த்து, "ஐயா, கோயில்ல பிரகாரம் சுத்தறீங்களா?" என்றான். மரியதாஸ் ஒரு டின் மூடியை எடுத்ததும், "கொண்டா, கொண்டா, அது நம்ம சரக்கு" என்று கை நீட்டினான். நான் தடுக்கி விழுந்து முழுக்க நனைந்தபோது அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமல் நின்றதும் விட்ட இடத்திலிருந்து சிரித்தான். நாங்களும் சும்மா இருக்கவில்லை. அவனுடைய ஆணிகள், கிரேன், வழுக்கை, வைத்தியருக்குத் தெரிந்தால் கூசும் அளவுக்கு அவனுடைய வியாதி, எதையும் மிச்சம் வைக்கவில்லை. தண்ணீர் ஏறியபின்தான் கரைக்கு வந்தோம். மோதிரம் கிடைக்கவில்லை.

மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் என் விரலையே பார்த்தாள். "பொதைச்சது ஒரு பைத்தியம், தூக்கிப் போட்டது இன்னொரு பைத்தியம். நான் என்னத்தப் பேசறது?" என்றாள். இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் மிளகு ரசம் வைத்து, அவனிடம் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாள். நாசமாப் போறவன் குடிக்கட்டும் என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

கடைசியாக அவனைப் பார்த்தது பராமரிப்பு இல்லத்தில். எலும்பும் தோலுமாகக் கிடந்தான். என்னைக் கண்டதும் உதட்டை அசைத்தான். குனிந்து காது கொடுத்தேன்.

"கெடைச்சுதா?"

"இல்ல."

"ஒருத்தனும்... லாயக்கில்ல."

"ஒன்னையும் சேத்துத்தான் நாலு பேரு" என்றேன். குரல் தாழாமல் பார்த்துக்கொண்டேன். அது எனக்குச் சுலபமாக இல்லை.

கண்ணை மூடிக்கொண்டான். "பின்ன?" என்றான். அதற்கப்புறம் அவன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து, மண்டாய் மின்மயானத்தில் எல்லாம் முடிந்தபின், அவனுடைய டிடெக்டரை நினைவாக வைத்துக்கொள்ளும்படி மகள் சொன்னாள். அந்த ஓட்டை மெஷின் மரியதாஸுக்குப் போகட்டும் என்றேன். எனக்கு அவன் வேறொன்று விட்டுவிட்டுப் போயிருக்கிறான். எதுவும் இருக்க வழியில்லாத மணலில், ஒருவேளை இருக்குமோ என்று பதினான்கு வருடம் மெஷினை ஆட்டியவன் நான். இப்போது எனக்குத் தெரிந்த இடத்தில், முழங்கால் தண்ணீரில், ஒரு தங்க மோதிரம் இருக்கிறது. ஒருவேளை இல்லை, நிச்சயமாக இருக்கிறது. இப்படி ஒரு நிச்சயம் எந்தப் புதையல் வேட்டைக்காரனுக்கும் வாய்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இனி மழை பெய்தாலும் முட்டி வலித்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் படுத்திருக்க முடியாது. பாவி.