கச்சிதமாகப் பொருந்திய கதவுப் பலகை

திருமகள் கேள்வன் திருவடி போற்றி.

பழைய கார்களின் உட்பாகங்களை அசல் மாறாமல் வீட்டிலேயே செய்து தருகிறேன். திருக்காட்டுப்பள்ளி விவசாயி ஒருவர், தம் அம்பாசடரின் கதவு உட்பலகைக்காகப் பலமுறை வந்தார். ஒவ்வொரு முறையும் பலகையில் ஏதேனும் ஒரு திருகுத் துளை விலகியிருக்கும். திருத்தி முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். என் மனைவி மறைந்தபின் இவ்வீட்டில் அதிகம் கேட்ட குரல் அவருடையதே.

இன்று ரெக்சின் ஒட்டிய பலகை கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

"பிரமாதங்க ஐயா! இனிமே உங்கள தொந்தரவு பண்ண மாட்டேன்," என்றார்.

"காப்பி கலந்துட்டேன், உக்காருங்க."

"நடவுக்கு ஆளுங்க நிக்கிறாங்க. இன்னொரு நாள் வரேங்க."

இரண்டு தம்ளர் காப்பியையும் நானே குடித்தேன்.

பழைய கார் வைத்திருக்கும் அன்பர்கள் எழுதுங்கள். எதுவானாலும் செய்து தருவேன். ஒரே நாளில் பொருந்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் இல்லங்களில் பேச்சொலி நீங்காதிருக்கப் பெருமாள் அருள்க.