ஜவளகிரி சாலையில் ஓடியது

ஓசூர் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் மஞ்சுநாத் ஜிம்மில் எடை தூக்குபவன், நான் ஓடுபவன். "இவ்ளோ உடம்ப வச்சுக்கிட்டு அரை கிலோமீட்டர் ஓடுவியா?" என்று கேலி பேசியே ஒரு ஞாயிறு காலை அவனை ஜவளகிரி காட்டுச் சாலைக்கு இழுத்துப் போனேன். பனி மூடியிருந்தது. பறவைச் சத்தம்கூட இல்லை. அவன் மூச்சு வாங்கிப் பின்தங்கினான். மூங்கில் முறியும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவனருகே யானை நின்றது.

"அண்ணா, நில்லுங்கண்ணா" என்றான் அடங்கிய குரலில்.

நான் ஓடினேன். ஊர் டீக்கடையில்தான் நின்றேன்.

அரை மணி கழித்து அவன் நடந்து வந்தான். யானை தானாகவே சாலையைக் கடந்து போய்விட்டதாம்.

"நல்லாத்தான் ஓடுறீங்கண்ணா."

இப்போதும் தினமும் ஓடுகிறேன். அந்த அடங்கிய குரல் மட்டும் பின்தங்குவதே இல்லை.