மருமகளாக வர முடியாத மகள்

கல்யாணத்துக்கு முந்திய வாரம், மாப்பிள்ளையின் உம்மா ஹாஜரா ராத்தா மிகுந்த சந்தோசத்தோடு சொன்ன ஒரு கதையால் அந்த நிக்காஹ் நின்றுபோனது.

இலங்கையில் யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் கற்பிட்டிப் பக்கத்தில் முஸ்லிம் விவாகப் பதிவாளராக இருந்தேன். பதிவுக்கு முன்னர் பெண் வீட்டுக்குப் போய் இரு தரப்பையும் இருத்தி விசாரிப்பது என் வழக்கம். இரத்த உறவாலும், கல்யாணத்தால் வந்த உறவாலும், பால்குடி உறவாலும் சிலரைச் சிலர் மணம் முடிக்கக் கூடாது. முதல் இரண்டையும் ஊரே சொல்லிவிடும். மூன்றாவதைத் தாய்மார்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை றிஸ்வான் மாம்புரியில் மரக்கறித் தோட்டம் செய்பவன். பெண் நஸ்ரியா, தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவள். இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்திருந்தது.

"புள்ளைகள் வேற யார்ட்டயும் பால் குடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"என்ன நானா இப்பிடிக் கேக்கிறீங்க?" என்று, என்னை அண்ணன் முறை வைத்து அழைத்து, ஹாஜரா ராத்தா சிரித்தார். "நஸ்ரியா என்ட பாலக் குடிச்ச புள்ள. தோணியால வந்து எறங்கக்குள்ள அவட உம்மாவுக்குக் கடும் காய்ச்சல், பால் வத்திப் போச்சு. றிஸ்வானோட சேத்து இவளுக்கும் குடுத்தன். அந்தப் பாசத்துலதான் இவளையே மருமகளா எடுக்கிறன்."

"எத்தின தரம் குடுத்தீங்க ராத்தா?"

"தரமா? மாசக்கணக்கா!"

எங்கள் மத்ஹபின்படி, அதாவது நாங்கள் பின்பற்றும் மார்க்கச் சட்ட வழியின்படி, இரண்டு வயதுக்குள் வயிறார ஐந்து தடவை குடித்தாலே கொடுத்தவர் தாய். அவருடைய பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. அதை விளக்கிச் சொன்னேன். நஸ்ரியாவின் உம்மா நெஞ்சில் கை வைத்தபடி கதிரையில் சாய்ந்துவிட்டார். பால் கொடுத்தது அவருக்கும் தெரியும். அது கல்யாணத்தைத் தடுக்கும் என்பதுதான் தெரியாது.

ஹாஜராவின் கணவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு மூணு தரந்தான் எண்டு சொல்லிரு. பழைய கதை, யாருக்கு ஞாபகம்? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு."

ஹாஜரா ராத்தா மகனைப் பார்த்தார். பிறகு அறை வாசலில் நின்ற நஸ்ரியாவைப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கே," என்றார். "அல்லாஹ்வுக்கும் தெரியும். நான் எப்பிடிப் பொய் சொல்ல?"

"இதச் சொல்லாம இருக்க ஏலாதா உம்மா?" என்றான் றிஸ்வான். எழுந்து போய்விட்டான்.

மௌலவியிடமும் கேட்டோம். அவரும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு பல மாதம் றிஸ்வான் தோட்டத்துக் குடிலிலேயே தங்கினான். ஹாஜரா சோறு கட்டி அனுப்புவார்; அது அப்படியே திரும்பி வரும்.

நான் படித்துக்கொண்டது இதுதான்: இந்தக் கேள்வியைப் பதிவு நேரத்துக்கு வைத்திருக்கக் கூடாது. பேச்சு தொடங்கும்போதே தாய்மாரிடம் கேட்க வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் யார் யாருடைய பிள்ளைக்குப் பசியாற்றினார்கள் என்பது ஆண்களுக்குத் தெரியாது.

பிறகு நஸ்ரியாவுக்கு எலுவன்குளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த முறை முதல் பேச்சிலேயே கேட்டேன். தடையில்லை. நானே பதிவு செய்தேன்.

அன்று பின்னேரம் றிஸ்வானும் வந்தான், உம்மாவைக் கூட்டிக்கொண்டு. பெண்கள் இருந்த பக்கம் அவன் போக, யாரோ ஒருவர் மறித்தார்.

"வுடுங்க," என்றார் நஸ்ரியாவின் உம்மா. "தங்கச்சியப் பாக்க நானாவுக்கு என்ன தடை?"

அவன் உள்ளே போனான். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. நேரே பந்தலுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு பரிமாறத் தொடங்கினான்.