வலைப்பூவை இடம் மாற்றிய சனிக்கிழமை

என் கணவர் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஆபீஸில் வேண்டாத மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நான் பல வருடங்களாக வலைப்பூ எழுதி வந்த தளத்தை மூடப்போகிறார்களாம். எழுதியவை வேண்டுமென்றால் வேறு தளத்துக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். படித்துவிட்டு அதையும் அழித்தேன்.

அழித்தபோது வருத்தம் வரவில்லை. அந்த மாதங்களில் எதுவுமே வரவில்லை. காலையில் எழுந்து குளித்து, கிள்ளானிலிருந்து ஷா ஆலாமில் இருக்கும் ஆபீஸுக்குக் காரில் போவேன். வழியில் என்ன பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. போய்ச் சேர்ந்திருப்பேன், அவ்வளவுதான். யாராவது எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் "ஓகே லா" என்பேன். பொய் இல்லை. அழுகை இல்லை, தூக்கம் கெடவில்லை, சாப்பாடும் இறங்கியது. ருசி மட்டும் தெரியவில்லை.

மத்தியானம் சாப்பிடும்போது ஏதோ பேச்சில் இதைச் சொன்னேன். கணக்குப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"என்னக்கா இது? எத்தனை வருஷமா எழுதினீங்க! சனிக்கிழமை வீட்ல சும்மாதானே இருப்பீங்க? டவுன்லோட் பண்ணி வேற இடத்துல போட்டுடுங்க. அப்புறம் வேணும்னு தேடினா கெடைக்காது லா."

சனிக்கிழமை நான் சும்மாதான் இருந்தேன். அதனால் செய்தேன்.

வலைப்பூ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கொமூட்டர் ரயிலில் காதில் விழுந்த பேச்சு, பாசாரில் மீன்காரரோடு போட்ட சண்டை, எங்கள் தாமானில், வீடுகளுக்குள்ளேயே வெள்ளம் ஏறிய கதை, இப்படி. பாதிக்கு மேல் என் கணவரைப் பற்றித்தான் இருக்கும். அவரைப் பற்றி எழுத எனக்குப் பயமே கிடையாது, ஏனென்றால் அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருடைய அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மகளைத் தமிழ்ப்பள்ளியில் போட்டவர், பையனுக்கு அரசாங்க வேலை கிடைக்க வேண்டுமென்று அவரை மலாய்ப்பள்ளியில் சேர்த்தார். அரசாங்க வேலையும் கிடைக்கவில்லை, தமிழ் எழுத்தும் வரவில்லை. லோரிக் கம்பெனியில் சூப்பர்வைசராகத்தான் இருந்தார்.

நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது பின்னால் வந்து நிற்பார்.

"இன்னிக்கி என்னைப் பத்தி என்ன போடுறே?"

"உங்களைப் பத்தி இல்ல. மீன் விலையைப் பத்தி."

"ஆமா, நம்பிட்டேன்" என்று போய்விடுவார்.

வலைப்பூவில் இருந்த படங்கள் எல்லாம் அவர் எடுத்தவை. எதற்கு என்று கேட்கமாட்டார். இதை எடுங்கள் என்றால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய் எடுத்து வருவார்.

அதே மேசையில் உட்கார்ந்துதான் அந்தச் சனிக்கிழமை மாற்றினேன். பழைய தளம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிக் கொடுத்தது. புதிய தளத்தில் கணக்குத் திறந்து அதை ஏற்றினேன். ஒரு நீலக் கோடு மெல்ல நகர்ந்து வலது பக்கம் போய் முட்டியது. முடிந்தது என்று செய்தி வந்தது. நான் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கூடக் குடித்து முடிக்கவில்லை.

திறந்து பார்த்தேன். எழுத்துகள் வந்திருந்தன. வாசகர்களின் பின்னூட்டங்கள் ஒன்றுகூட வரவில்லை. படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறக் கட்டங்கள். தேதிகளும் குழம்பியிருந்தன. எல்லாப் பதிவுகளின் தலையிலும் அன்றைய தேதியே இருந்தது. நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தது, என் மாமியார் இறந்தது, அவர் மீசையை எடுத்துவிட்டு வந்து நின்றது, வெள்ளத்தில் சோபா மிதந்தது, எல்லாம் அந்த ஒரே சனிக்கிழமையில் நடந்ததாகக் காட்டியது.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன், அல்லது கோபப்பட்டிருப்பேன். சரி, இருக்கட்டும் என்று மடிக்கணினியை மூடிவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

சொன்னபடியே பழைய தளத்தை மூடினார்கள். அதற்கு அடுத்த வாரம் என் நாத்தனார் கூப்பிட்டார். என் கணவரின் அக்கா, நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார்.

"ஏம்மா, உன் பிளாக் தொறக்க மாட்டேங்குதே. என் போன் கெட்டுப்போச்சா, நீ மூடிட்டியா?"

"நீங்க அதைப் படிப்பீங்களா, அக்கா?"

"நல்லா கேட்ட போ. அவனுக்கு யாரு படிச்சுக் காட்டினது? நீ உக்காந்து டைப் பண்றதைப் பார்த்துட்டான்னா போதும், மறுநாள் வேலைக்குப் போற வழியில கூப்பிட்டுருவான். 'அக்கா, என்னமோ எழுதியிருக்கா, படி'ன்னு. நான் படிப்பேன், அவன் வண்டி ஓட்டிக்கிட்டே ஸ்பீக்கர்ல கேப்பான்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். 'இதை ஊரே படிக்குதாக்கா?'ன்னு ஒருநாள் கேட்டான். 'இல்லடா, நானும் இன்னும் நாலு பேரும்தான்'னேன். 'அப்ப பரவால்ல'ன்னுட்டான்."

போனைப் பிடித்தபடி நின்றேன். இப்போது ஏதாவது வரவேண்டும் என்று எனக்கே தோன்றியது. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மேலே காற்றாடி சுற்றியது. "புது லிங்க் அனுப்புறேன், அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே மறுபடியும் கூப்பிட்டார்.

"படம் ஒண்ணையும் காணோம். அம்மா செத்ததும் அவன் மீசை எடுத்ததும் ஒரே நாளுன்னு போட்டிருக்கே. என்னம்மா இது?"

அக்கா ஒருவருக்காகத்தான் சரிசெய்ய ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்து, சமைத்துவிட்டு, படுக்கப் போவதற்கு முன்னால் ஒன்றோ இரண்டோ பதிவு. கணவரின் பழைய கைப்பேசியில் படங்கள் அப்படியே இருந்தன. படத்தில் தேதி இருந்ததால் பதிவின் தேதியும் கிடைத்தது. பல படங்களில் ஓரமாக அவர் விரல் மங்கலாக விழுந்திருந்தது. முன்பெல்லாம் அந்த ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் போடுவேன். இந்தத் தடவை வெட்டவில்லை. பாசத்தால் என்று சொல்ல முடியாது. வெட்டுவதற்கு இன்னும் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், அதற்குத் தெம்பில்லை.

படங்கள் எல்லாம் ஏறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொமூட்டர் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். அக்காவின் போனில் புதிய முகவரியைச் சேமித்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சோதித்துப் பார்ப்பவர்போல ஒரு பதிவைத் திறந்து சத்தமாகவே படிக்கத் தொடங்கினார். விருந்தாளிகள் வரும் நாளில் என் கணவர் வஞ்சிரம் என்று நினைத்து வேறு ஏதோ மீனை வாங்கி வந்து, கடைசிவரை அது வஞ்சிரம்தான் என்று சாதித்த கதை.

நான் எழுதியதை இன்னொருவர் குரலில் அதுவரை கேட்டதில்லை. அக்கா நிதானமாக, பள்ளிப் பிள்ளை போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் சும்மா நின்றுவிட்டார்.

"ஏன், எழுத்து தெரியலையா?" என்றேன்.

"இல்லம்மா. இந்த எடத்துல கொஞ்சம் விடுவேன். அவன் சிரிச்சு முடிக்கணுமில்ல."

பிறகு அவர் விட்ட வரியிலிருந்து தொடர்ந்தார். முடித்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னொண்ணு படிக்கவா?"

"படிங்க."

அதற்குப் பிறகு பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அக்கா படிப்பார், நான் கேட்பேன், பிறகு இருவரும் சாப்பிடுவோம். புதிதாக நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. எழுது என்று அக்காவும் சொல்வதில்லை.